மாநகரில் ஒரு மாதரி

வைகாசி மாதம் பிறந்துவிட்டால் மட்டக்களப்புத் தேசத்துக் கண்ணகை அம்மன் கோயில்கள் பலவற்றில் கதவு திறக்கும் சடங்கு நடைபெறும். ஆண்டின் பெரும்பகுதியும் அடைத்துக் கிடந்த திருக்கதவைத் திறந்து, சில நாட்கள் விழா எடுத்து, கண்ணகி வழக்குரை பாடி, இறுதியிலே குளிர்த்திச் சடங்கினால் அம்மனின் சினத்தைத் தணித்து, மீண்டும் கதவை அடைப்பர். காரைதீவிலும் தம்பிலுவிலிலும் செட்டிபாளையத்திலும் வந்தாறுமூலையிலும் கண்ணகை வழிபாடு தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கின்றது. வாவியின் இரு கரையிலும் வாழ்கின்ற மக்களுக்குக் கண்ணகி காவிய நாயகி மாத்திரம் அல்லள். வீட்டுக்கு மூத்த பெண்.

ஆயினும், நாம் விழா எடுப்பது மதுரையை எரித்த கண்ணகிக்கே. அதற்கு முந்திய கண்ணகியை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அவள் யார்? சொந்த ஊரை விட்டு, பெற்றார் உற்றாரைப் பிரிந்து, கால் நோக நடந்து, முன்பின் அறியாத ஒரு மாநகரின் மதிற்புறத்திலே வந்து நின்ற இளம்பெண். தங்க இடமில்லை, அறிந்த முகமில்லை, மிஞ்சியிருந்த பொருள் காற்சிலம்பு ஒன்றுதான். அவ்வேளையில் கவுந்தியடிகள் அவளை மாதரி என்னும் ஆயர்குலப் பெண்ணிடம் அடைக்கலமாக ஒப்படைக்கின்றார். மாதரி செல்வச் சீமாட்டி அல்லள். இருந்தும் தன் சேரியிலே தனியாக ஒரு மனையைக் கொடுத்தாள். சமைப்பதற்கு வேண்டியவற்றைக் கொடுத்தாள். தன் மகள் ஐயையைத் துணையாகக் கொடுத்தாள். பின்னர், கோவலன் கொலையுண்டதும் கண்ணகிக்கு நேர்ந்ததும் அறிந்தபோது, அடைக்கலப் பொருளை இழந்துவிட்டேனே என்று வருந்தித் தீயிலே புகுந்து உயிர் துறந்தாள்.

மதுரையிலே அரண்மனை இருந்தது, ஆவணங்கள் இருந்தன, காவலர் இருந்தனர். ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணுக்கு அந்த மாநகரிலே இருந்தவள் மாதரி ஒருத்திதான். மாநகர் எதுவாயினும், அங்கு வந்து சேர்கின்ற அந்நியருக்கு ஒரு மாதரி உண்டா என்பதே அந்நகரின் பெருமையை அளக்கும் கோல் எனலாம். இவ்வாரம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருளும் இதுவே.

ரெயில் ஏறிய பிள்ளைகள்

மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் இடையே புகையிரதப் பாதையின் தூரம் 300 கிலோமீற்றருக்கு மேல். வெலிக்கந்தை, பொலன்னறுவை, மாகோ என்று காடும் வயலும் கடந்து செல்லும் நெடும் பயணம் அது. உதயதேவியிலோ இரவு வண்டியிலோ மகனை அல்லது மகளை ஏற்றிவிட்டு, வண்டியின் வால் மறையும்வரை மேடையிலே நின்று பார்த்துத் திரும்பிய பெற்றோர் நம் வாசகரிலே எத்தனையோ பேர் இருப்பர். படிப்புக்கென்று சென்றோர் உண்டு. உத்தியோகத்துக்கென்று சென்றோர் உண்டு. கடை கண்ணிகளில் வேலை தேடிச் சென்றோர் உண்டு. வெளிநாடு போவதற்குக் கடவுச்சீட்டும் விசாவும் எடுக்கச் சென்றோர் உண்டு. மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலையிலே நோயாளியைச் சேர்த்துவிட்டு, வெளியே எங்கு படுப்பது என்று தெரியாமல் நின்றோரும் உண்டு.

சென்றவர் எங்கே தங்குவர்? உறவினர் வீடு உள்ளவர் பாக்கியசாலிகள். ஏனையோருக்குக் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு 'போடிங்' அறை. அல்லது புறக்கோட்டையிலே நாள் வாடகைக்கு ஒரு லொட்ஜ். ஒரு கட்டில், ஒரு கொடிக்கயிறு, நாலைந்து பேருக்குப் பொதுவான ஒரு தண்ணீர்க் குழாய், மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. அடுத்த அறையில் இருப்பவர் எந்த ஊர் என்று அறிவதற்கே மாதக்கணக்காகும். ஊரிலே காய்ச்சல் வந்தால் பத்துப் பேர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பர். இங்கே காய்ச்சல் வந்தால் கதவைத் தட்டுவதற்கு வாடகை கேட்பவரைத் தவிர வேறொருவர் வரமாட்டார்.

தனித்திருத்தல் வேறு, தனிமை வேறு என்பதை ஈண்டு நாம் தெளிந்துகொள்ள வேண்டும். நிலாக் காலத்திலே கல்லடிப் பாலத்துக்கு அண்மையில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரிலும் மறு நுனியைக் காதிலும் வைத்து, பாடும் மீனின் ஒலியைக் கேட்கின்ற மனிதன் தனித்தே இருக்கின்றான். வலை வீசிவிட்டு விடியும்வரை வாவி நடுவே காத்திருக்கின்ற மீனவனும் தனித்தே இருக்கின்றான். ஆனால், அவர்களைத் தனிமை வருத்துவதில்லை. கரையிலே தமக்காக ஒரு விளக்கு எரிகின்றது என்பதை அவர்கள் அறிவர். மாநகரத்து இளைஞனோ காலி வீதியிலே பல்லாயிரம் பேருக்கு நடுவே நடக்கின்றான். ஆயினும், அன்று இரவு அவன் அறைக்குத் திரும்பாவிட்டால் அதை உணர்பவர் எவருமிலர். தனிமை என்பது ஆளில்லாமை அன்று, தேடுவாரில்லாமை.

கூரை உண்டு, வீடு இல்லை

வீடின்மையும் அவ்வாறே இருவகைப்படும். கடை மூடியபின் புறக்கோட்டை நடைபாதையிலே காகித மட்டையை விரித்துப் படுப்பவருக்குக் கூரையே இல்லை. இத்தகையோரை நம் நாட்டுச் சட்டம் நெடுங்காலம் எவ்வாறு நோக்கியது தெரியுமா? 1841 ஆம் ஆண்டிலே, பிரித்தானியர் காலத்தில், அலைந்து திரிவோருக்கெதிரான கட்டளைச் சட்டம் ஒன்று ஆக்கப்பட்டது. வீடற்றிருத்தலை ஒரு துன்பமாகக் கொள்ளாது குற்றத்துக்கு அயலான ஒன்றாகக் கருதிய சட்டம் அது. ஆங்கிலேயர் போய்ப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் அது நம் சட்டப் புத்தகத்திலே நிலைத்திருந்தது.

மற்றொரு வகை, கூரை இருந்தும் வீடு இல்லாமை. வாடகை கொடுத்துத் தங்குகின்றார், பற்றுச்சீட்டும் வைத்திருக்கின்றார், ஆனால், எந்த இரவிலே எவர் வந்து எழுப்பி "நீ ஏன் இங்கே இருக்கின்றாய்?" என்று கேட்பாரோ என்ற அச்சம் தலைமாட்டிலேயே படுத்திருக்கும். யுத்த காலத்தில் கொழும்பிலே தங்கிய வடக்குக் கிழக்குத் தமிழர் பலருடைய நிலை இதுவே. இவ்வச்சம் வீண் அச்சம் அன்று என்பதை 2007 ஆம் ஆண்டு யூன் மாதம் 7 ஆந் திகதி காட்டியது.

அன்று விடியற்காலையிலே புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஆகிய இடங்களில் இருந்த லொட்ஜுகளுக்குப் பொலிசார் சென்றனர். தக்க காரணமின்றித் தலைநகரிலே தங்கியிருப்போர் தத்தம் ஊர்களுக்கு அனுப்பப்படுவர் என்பது அவர்கள் கூறிய நியாயம். பாதுகாப்பைக் கருதியே இது செய்யப்படுவதாகச் சொல்லப்பட்டது. உடைமைகளை ஒழுங்காகக் கட்டுவதற்குப் போதிய நேரமும் இன்றி 376 தமிழர், அவர்களுள் 85 பேர் பெண்கள், பஸ் வண்டிகளில் ஏற்றப்பட்டனர். வண்டிகள் வவுனியாவுக்கும் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் புறப்பட்டன. விசாவுக்குக் காத்திருந்தோர், வைத்தியத்துக்கு வந்தோர், வேலை தேடியோர் என்ற பேதம் அங்கு பார்க்கப்படவில்லை.

மட்டக்களப்புக்கு அனுப்பினார்களே, அன்றைய மட்டக்களப்பு எப்படி இருந்தது? அவ்வாண்டு சனவரியிலே வாகரைப் பகுதியில் நடந்த சண்டையினால் மக்கள் இடம்பெயர்ந்திருந்தனர். மார்ச்சிலே படுவான்கரை மக்கள் குண்டு வீச்சுக்கு அஞ்சி வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடி வந்தனர். மாவட்டத்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் கூடாரங்களிலும் பாடசாலைகளிலும் உறவினர் வளவுகளிலும் ஒதுங்கியிருந்த காலம் அது. கொழும்பிலே அந்நியர் என்று அனுப்பப்பட்டவர்கள், வீடிழந்தோர் நிறைந்த ஒரு மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தனர். வீட்டுக்குப் போ என்று சொல்வது எளிது. போவதற்கு வீடு இருக்கவேண்டும் அன்றோ?

மறுநாளே, யூன் 8 ஆந் திகதி, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில் உயர் நீதிமன்றம் இவ்வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. யூன் 10 ஆந் திகதி அன்றைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க, நடந்தது தவறு என்று அரசாங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். அனுப்பப்பட்டவருள் ஒரு பகுதியினர் மீண்டும் கொழும்புக்கு அழைத்துவரப்பட்டனர். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை, இலங்கை முழுவதிலும் சுதந்திரமாக நடமாடுவதற்கும் விரும்பிய இடத்தில் வதிவதற்கும் பிரசை ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கின்றது. நீதிமன்றம் அந்த உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால், நடு உறக்கத்திலே எழுப்பப்பட்டவருடைய உறக்கத்தை எந்த நீதிமன்றத்தால் திருப்பிக் கொடுக்கமுடியும்?

இத்தகைய துயரம் ஓர் இனத்துக்கு மாத்திரம் உரியதன்று என்பதையும் நாம் நெஞ்சறியச் சொல்லவேண்டும். 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்திலே அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்களே. தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டை விட்டுப் புத்தளத்து ஓலைக் கொட்டில்களிலே அவர்கள் பல்லாண்டு கழித்தனர். அதே ஆண்டு செப்டெம்பர் 5 ஆந் திகதி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்திலே அடைக்கலம் புகுந்திருந்த தமிழருள் 158 பேர் படையினரால் அழைத்துச் செல்லப்பட்டனர், அவர்கள் மீளவில்லை. அடைக்கலம் என்ற சொல்லின் பாரத்தை நம் வாவிக்கரை நன்கறியும்.

இங்கு ஒரு செய்தியை நினைவூட்டுதல் பொருந்தும். உலகெங்கும் வீடற்றோரைக் குறித்துச் சிந்திப்பதற்கு ஓர் ஆண்டை ஒதுக்கவேண்டும் என்று 1980 இல் ஐக்கிய நாடுகள் சபையிலே முன்மொழிந்தவர் அந்நாள் இலங்கைப் பிரதமர் ஆர். பிரேமதாசா. சபையும் ஏற்று, 1987 ஆம் ஆண்டை வீடற்றோருக்கு உறையுள் வழங்கும் சர்வதேச ஆண்டு எனப் பிரகடனம் செய்தது. பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தை 1984 இல் தொடங்கியதும் இந்த நாடே. உலகுக்கு வீட்டின் அருமையை எடுத்துரைத்த நாட்டிலே, அக்காலத்திலேயே யுத்தம் ஆயிரமாயிரம் வீடுகளைத் தரைமட்டமாக்கிக்கொண்டிருந்தது. வீடு கட்டுவதற்குச் சீமெந்தும் மணலும் போதும். குடியிருப்பதற்கு அமைதி வேண்டும்.

தாய் வீட்டு வழக்கம்

நிற்க. மாநகரத் தனிமை நம் பகுதிப் பிள்ளைகளை ஏனையோரிலும் அதிகமாக வருத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. மட்டக்களப்பின் வழமை தாய்வழி வழமை. குடி என்பது இங்கு தாய் வழியாக வருவது. வீடு பெண்ணுக்கே உரியது. மகள் மணம் முடிக்கும்போது அவளுக்கு வீடும் வளவும் எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றோர் அதே வளவிலே சிறியதொரு வீட்டுக்கு ஒதுங்குவர். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு எழும்பும். மணமகனே மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்வான். ஆதலால் அக்காளும் தங்கையும் பெரியம்மாவும் சின்னம்மாவும் வேலிக்கு வேலி அயலிலேயே வாழ்வர். பிள்ளை ஒன்று அழுதால் நாலு வாசலிலிருந்து நாலு கை நீளும். தமிழ் உலகின் பிற பகுதிகளிலே பெண் புகுந்த வீட்டுக்குச் செல்லும்போது கலங்குவாள்; எம்மூர்ப் பெண்ணுக்கு அந்தக் கலக்கம் குறைவு. இந்த வேலியோர உறவிலே வளர்ந்த பிள்ளைதான் ஒருநாள் கொழும்பு அறை ஒன்றிலே கதவைச் சாத்திக்கொண்டு தனியே அமர்கின்றது.

இந்த அமைப்பையும் காலம் குலைத்தது. 1978 நவம்பர் 23 ஆந் திகதி இரவு அடித்த சூறாவளி தென்னையையும் வீட்டையும் ஒருசேரச் சாய்த்தது. 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை, வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிட்டிலே இருந்த நாவலடியை விழுங்கியது. வட கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று முதலிலே அரசு விதித்தது. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. நாவலடி மக்களுள் பலர் திராய்மடுவிலே குடியமர்த்தப்பட்டனர். அலை ஓசையிலே உறங்கிப் பழகியவர்களுக்கு அலையின் ஓசை கேளாத இரவு ஒரு புதுத் தனிமை.

அதனோடு இன்னொரு பிழையும் நேர்ந்தது. புதிய வீடுகளுக்குரிய உரிமைப் பத்திரம் பல இடங்களில் குடும்பத் தலைவர் என்ற வகையில் ஆணின் பெயருக்கே எழுதப்பட்டது. தாயிடமிருந்து மகளுக்கு வரும் வீடு என்ற கிழக்கின் வழமையை அலுவலகப் படிவம் அறியவில்லை. பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்துக் குரல் எழுப்பின. கூட்டுரிமை வேண்டும் என்று கேட்டன. தமிழ்ப் பெண்களுக்கும் முஸ்லிம் பெண்களுக்கும் ஒருங்கே நேர்ந்த இழப்பு இது. அலை கொண்டுபோன வீட்டைத் திரும்பக் கட்டலாம். படிவத்தின் ஒரு வரி கொண்டுபோன உரிமையை மீட்பது அவ்வளவு எளிதன்று.

வலயத்துப் பெண்கள், வளைகுடாப் பெண்கள்

இன்று வாவிக்கரையை விட்டுச் செல்பவர்களிலே பெண்களின் தொகை சிறிதன்று. 1978 இல் தொடங்கிய கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்து ஆடைத் தொழிற்சாலைகளுக்கு முன்னர் தென்னிலங்கைக் கிராமங்களிலிருந்தே பெண்கள் சென்றனர். 2009 இல் யுத்தம் முடிந்தபின் வடக்குக் கிழக்குப் பெண்களும் சேர்ந்தனர். வரிசை வரிசையாகக் கட்டிய சிறு அறைகளிலே பலர் சேர்ந்து தங்குவர். கூட வேலை செய்பவளின் மொழி சிங்களம். மேற்பார்வையாளரின் மொழி சிங்களம். மருந்துக்கடைக்காரரின் மொழியும் அதுவே. தையல் இயந்திரத்தின் இரைச்சலில் பகல் போய்விடும். இரவுதான் பெரிது. அவள் அனுப்பும் பணத்தில் ஊரிலே கல்வீடு எழும்புகின்றது. அவ்வீட்டிலே குடியிருக்க அவளுக்கு வாய்ப்பதோ ஆண்டிலே சில நாட்கள்.

அவளினும் தொலைவாகச் சென்றவர்கள் வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாகப் போனோர். பிறர் வீட்டின் உள்ளே, வீதிகூடத் தெரியாமல், தாய்மொழியில் ஒரு சொல் கேளாமல் வாழும் தனிமை அவர்களுடையது. திருகோணமலை மாவட்டத்து மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக்கை நாம் மறக்கலாகாது. கடவுச்சீட்டிலே வயது கூட்டிக் காட்டப்பட்டு, 2005 ஆம் ஆண்டு சவூதி அரேபியாவுக்குச் சென்றவர். சென்ற சில வாரங்களில், அவரது பராமரிப்பிலிருந்த சிசு இறந்தது. பிறப்புச் சான்றிதழின்படி அப்போது அவருக்கு வயது 17. தொடக்கத்தில் சட்டத்தரணி இல்லை. தக்க மொழிபெயர்ப்பும் கிடைக்கவில்லை. 2013 சனவரி 9 ஆந் திகதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்நிய நகரிலே அறிந்தவர் ஒருவரும் இல்லாதிருப்பது மனத்துயரோடு முடிந்துவிடுவதன்று, உயிரையும் கொள்ளவல்லது.

உலகம் இப்போதுதான் விழிக்கின்றது

தனிமையை ஓர் அரசியற் பொருளாகவே மேல்நாடுகள் இன்று கருதத் தொடங்கியுள்ளன. 2018 சனவரியில் பிரித்தானியா தனிமை விவகாரத்துக்கென ஓர் அமைச்சரை நியமித்தது. 2021 பெப்ரவரியில் யப்பானும் அவ்வாறே செய்தது. உலக சுகாதார நிறுவனம் 2023 நவம்பரிலே சமூகத் தொடர்பு குறித்து ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. அது 2025 யூன் 30 ஆந் திகதி வெளியிட்ட அறிக்கை, உலக மக்களில் ஆறு பேருக்கு ஒருவர் தனிமையால் வருந்துகின்றனர் என்றும், ஆண்டுதோறும் ஏறத்தாழ 8 இலட்சத்து 71 ஆயிரம் மரணங்களுக்கும் தனிமைக்கும் தொடர்பு உண்டு என்றும் மதிப்பிட்டது.

அவ்வறிக்கையில் மாணவர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. தனிமை முதியோரின் நோய் என்றே நாம் எண்ணுகின்றோம். ஆனால், 13 முதல் 29 வயது வரையுள்ளோரில் 17 முதல் 21 சதவீதத்தினர் தாம் தனிமையில் வாடுவதாகக் கூறியிருக்கின்றனர். இன்னொன்று, தனிமை பணக்கார நாடுகளின் நோய் என்ற நம்பிக்கை. அதுவும் பிழை. வருமானம் குறைந்த நாடுகளிலே சுமார் 24 சதவீதம் பேர் தனிமையை உணர்கின்றனர். செல்வ நாடுகளிலே இது சுமார் 11 சதவீதம். வறுமை மனிதரைக் கூட்டாக வாழவைக்கும் என்று நாம் சொல்லிவந்தோம். வறுமை மனிதரை ஊர்விட்டு ஊர் துரத்தும் என்பதை மறந்துவிட்டோம்.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவருக்கும் இது புதிய செய்தியாக இராது. பிள்ளைகள் அழைத்தார்கள் என்று சென்ற முதியவர்கள், பிள்ளைகள் வேலைக்குப் போனபின் யன்னலோரம் இருந்து பனியைப் பார்க்கின்றனர். இங்கு தங்கிவிட்ட முதியவர்களோ, வெளிநாட்டுப் பணத்திலே கட்டிய பெரிய வீட்டின் ஒரு மூலையிலே தொலைபேசியைப் பார்க்கின்றனர். இரு பக்கத்திலும் வீடு உண்டு. இல்லாதது பேச்சுத்துணை.

நம் ஊருக்கு வந்த அந்நியர்

பிற நகரங்கள் எம்மை எவ்வாறு நடத்தின என்று கேட்கும் நாம், எம்மிடம் வந்தோரை எவ்வாறு நடத்தினோம் என்றும் கேட்கவேண்டும். நல்ல உதாரணங்கள் உண்டு. 1814 ஆம் ஆண்டிலே வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் மட்டக்களப்புக்கு வந்தார். இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட கப்பலிலேயே அவருடைய இளம் மனைவி இறந்து, கடலிலே அடக்கம் செய்யப்பட்டார். மொழி தெரியாத ஊருக்கு ஒற்றை ஆளாய் வந்த அவர், தமிழ் கற்றுப் பிள்ளைகளைக் கூட்டிப் பள்ளிக்கூடம் தொடங்கினார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அவ்வாண்டிலேயே கொள்கின்றது. ஓராண்டும் நிரம்புமுன், 1815 ஏப்ரலில் நோயுற்று அவர் காலமானார். எட்டு மாதம் மாத்திரம் எம்மோடிருந்த அந்த மனிதருக்கு இந்நகர் சிலை எடுத்து நினைவு கூர்கின்றது.

காரைதீவிலே 1892 இல் பிறந்த சுவாமி விபுலானந்தர், யாழ்ப்பாணம், சென்னை, சிதம்பரம், கொழும்பு என்று எத்தனையோ நகரங்களிலே வாழ்ந்தவர். அந்நிய நகரிலே படிக்கும் ஏழை மாணவனின் நிலையை அவர் அறிவார். 1929 இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியபோது, வகுப்பறைகளோடு நின்றுவிடாது, ஏழைப் பிள்ளைகளும் பெற்றோரற்ற பிள்ளைகளும் தங்கியிருந்து கற்பதற்கு வழி செய்தார். கல்வி கொடுக்குமுன் படுக்கப் பாய் கொடுக்கவேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. 1947 யூலை 19 ஆந் திகதி கொழும்பிலே அவர் மறைந்தபோது அவருடைய உடலை வாவிக்கரைக்கே கொண்டுவந்தனர். தாம் அமைத்த அப்பள்ளி வளவிலேயே அவர் துயில்கின்றார்.

இன்றோ, வந்தாறுமூலையிலே உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தென்னிலங்கையிலிருந்து சிங்கள மாணவர்கள் வருகின்றனர். 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் பல்கலைக்கழகமான நிலையம் அது. எம் பிள்ளை கொழும்பு பஸ்ஸிலே பெயர்ப்பலகை வாசிக்கத் தெரியாமல் நிற்பதுபோல, அந்தப் பிள்ளையும் ஏறாவூர்ச் சந்தையிலே விலை கேட்கத் தெரியாமல் நிற்கின்றது. காத்தான்குடியிலும் களுவாஞ்சிகுடியிலும் மலையகத்திலிருந்து கடைக்கு வேலைக்கு வந்த சிறுவன் இருக்கக்கூடும். பெரியாஸ்பத்திரி வாசலிலே படுவான்கரைக் கிராமத்துத் தாய், கடைசி பஸ் போய்விட்டதால் விடியும்வரை குந்தியிருக்கின்றாள். இவர்களுக்கு நாம் மாதரியாக இருந்திருக்கின்றோமா?

செய்யத் தக்கவை

அரசு செய்யவேண்டியவை உண்டு. பெரிய வைத்தியசாலைகளுக்கு அருகிலே நோயாளியின் உறவினர் குறைந்த கட்டணத்தில் தங்குவதற்கு இடம் வேண்டும். வேலை செய்யும் பெண்களுக்குப் பாதுகாப்பான விடுதிகள் வேண்டும். அலுவலகங்களிலே இரு மொழியிலும் பதில் சொல்ல ஆள் வேண்டும். வீட்டுரிமைப் பத்திரங்களிலே பெண்ணின் பெயர் இடம்பெறவேண்டும். இவற்றைக் கேட்பதிலே நாம் சோரலாகாது.

ஆனால், சட்டம் கூரையைத்தான் கொடுக்கும். ஐயையைத் துணைக்கு அனுப்பச் சட்டத்தால் இயலாது. அதை நாமே செய்யவேண்டும். கொழும்பிலே இயங்கும் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஆண்டு விருந்தோடு நின்றுவிடாமல், புதிதாக வந்த பிள்ளைகளின் பெயரையும் தங்குமிடத்தையும் கேட்டறிந்து வைத்திருக்கலாம். கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் நம்பகமான தங்குமிடங்களைச் சுட்டிக்காட்டலாம். தலைநகரிலே வீடு வாசலோடு வாழ்வோர், தம் ஊர்ப் பிள்ளை ஒன்றை மாதத்தில் ஒருநாள் வீட்டுச் சாப்பாட்டுக்கு அழைக்கலாம். இதற்குப் பெருஞ் செலவில்லை. ஒரு சுண்டு அரிசி அதிகமாகப் போட்டால் போதும்.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல். புதிய நகருக்குச் செல்லும்போது அந்நகர மொழியிலே பத்து வசனமாவது கற்றுக்கொண்டு செல்லுங்கள். அறைக்கு வந்து சேர்ந்த முதல் நாளே அடுத்த அறைக் கதவைத் தட்டி உங்கள் பெயரைச் சொல்லுங்கள். மனம் தளர்ந்தால் அதை வெட்கமென்று மறைக்காது வீட்டுக்குச் சொல்லுங்கள். பெற்றோரும், தொலைபேசியிலே "பரீட்சை எப்படி? சம்பளம் வந்ததா?" என்று கேட்குமுன், "சாப்பிட்டாயா மகன்? இன்று யாரோடு கதைத்தாய்?" என்று கேட்கப் பழகவேண்டும். இரண்டாவது கேள்விக்கு நெடுநேரம் மறுமொழி வராவிட்டால், அடுத்த வண்டியிலே ஒருதரம் போய்ப் பார்த்துவருவது நல்லது.

உங்கள் அயலிலே, அறை எடுத்துத் தனியே இருக்கும் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவர் எந்த ஊர், எந்த மொழி, எந்தச் சமயம் என்பது பிறகு தெரிந்துகொள்ளக்கூடிய விடயம். இன்று ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கின்றது. போய் அழைத்து வாருங்கள்.